அதட்டல் வேண்டாம், அடை போதும்!

பட்டிமன்றத் தலைப்பு: குழந்தைகளைக் காய்கறி சாப்பிட வைப்பது கண்டிப்பா? கைப்பக்குவமா?

‘கைப்பக்குவமே!’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியில் கண்டிப்போடு வீற்றிருக்கும் நண்பர்களே! எங்கள் அணித் தலைவி அவர்களே! எதிரே திரளாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேயர்களே!

எதிரணித் தலைவர் அய்யா ரொம்ப அழகாப் பேசினாங்க. ‘அடியாத மாடு படியாது’ன்னாங்க. ‘பசி ருசி அறியாது’ன்னாங்க. ‘எங்க காலத்துல எங்கப்பா ஒரு முறை முறைச்சாருன்னா பாகற்காய் தானா உள்ளே போகும்’னு சொன்னாங்க. அரங்கமே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். ஆனா நடுவர் அவர்களே, இன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில அய்யாவுக்கு எதிர் வரிசையிலதான் நான் உட்கார்ந்திருந்தேன். அய்யா இலையில வச்ச பாகற்காய்ப் பொரியல், இலையை மடிக்கிற வரைக்கும் வச்ச இடத்துலயே இருந்துச்சு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அப்பா முறைச்ச வரைக்கும் உள்ளே போச்சு. முறைக்க ஆளில்லாத பந்தியில வெளியிலயே நின்னு போச்சு. கண்டிச்சு ஊட்டின காய்க்கு ஆயுசு அவ்வளவுதாங்க. அந்தக் காயைச் சாப்பிட வச்சது பயம். பயம் போனா பழக்கமும் போயிரும்.

இந்தத் தலைப்பு ஏதோ சிரிச்சிட்டுப் போற தலைப்பு இல்லே. ஒரே ஒரு கணக்கு மட்டும் சொல்லிட்டு உள்ளே போறேன். 2019-21ல் நம்ம நாட்டில் ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு எடுத்தாங்க. ஆறு மாசத்துல இருந்து 59 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைகள்ல, இந்தியாவில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சரி, நம்ம தமிழ்நாடு முன்னேறின மாநிலமாச்சே, இங்கே எவ்வளவு? 57.4 சதவீதம். பத்துக் குழந்தைகளை வரிசையா நிக்க வச்சா, அஞ்சாறு குழந்தைக்கு ரத்தம் பத்தலே. (அமைதி)

ரத்தசோகைக்குக் காரணம் பல இருக்கு. குடல்ல பூச்சி இருக்கலாம், அடிக்கடி வர்ற காய்ச்சல் இருக்கலாம். ஆனா முதல் வரிசையில நிக்கிற காரணம், இரும்புச்சத்து பத்தாத சாப்பாடு. இன்னொன்னையும் கவனிங்க. இதெல்லாம் பட்டினி கிடக்கிற பிள்ளைங்க மட்டும்னு நினைக்காதீங்க. மூணு வேளை சாப்பிடுற வீட்டுலயும் இருக்கு. வெறும் பால், வெறும் பருப்புச்சோறு, நடுவுல நாலு பிஸ்கட். வயிறு ரொம்புது. சத்து சேரலே. கீரையும் காயும் தட்டோட ஓரத்துல ஒதுங்கி நிக்குது.

ஏன் ஒதுங்கி நிக்குது? இதுதான் கேள்வி. எதிரணி சொல்றாங்க, ‘பிள்ளைக்குத் திமிரு’ன்னு. நான் சொல்றேன், பிள்ளைக்குத் திமிரு இல்லே; காயோட உருவம் அதுக்குத் தோதா இல்லே.

கொஞ்சம் பிள்ளை இருக்கிற இடத்துல இருந்து பாருங்க. ரெண்டு வயசுக் குழந்தை. முன்னால ஒரு தட்டு. தட்டுல குழைஞ்ச சோறு, பக்கத்துல அவரைக்காய்ப் பொரியல். அந்தச் சின்னக் கையால சோத்தை அள்ளினா விரலிடுக்குல வழியுது. பொரியலை எடுத்தா ஒரு துண்டு வாய்க்குப் போகுது, ஒன்பது துண்டு சட்டையில விழுது. உடனே அம்மா என்ன பண்றா? ‘ஐயோ, கொட்டாதே, நான் ஊட்டுறேன்’னு பிள்ளையோட ரெண்டு கையையும் ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால வாய்க்குள்ள திணிக்கிறா. கையைக் கட்டி வச்சுச் சோறு போட்டா யாருக்குங்க சாப்பிடப் பிடிக்கும்? உங்களுக்கு ஒரு கல்யாண வீட்டுல அப்படிப் போட்டா மொய் எழுதுவீங்களா? (சிரிப்பு)

குழந்தைக்கு எட்டு, ஒன்பது மாசத்துல கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர ஆரம்பிக்குது. தரையில கிடக்கிற சின்ன எறும்பைக்கூட எடுத்து வாயில போட்டுப் பாக்குற வயசு அது. கை வாயைத் தேடுது. ‘நானே எடுத்துச் சாப்பிடுறேன்’னு அது சொல்லத் தெரியாம சொல்லுது. அந்த ஆசையை நம்ம முன்னோர்கள் எப்பவோ புரிஞ்சுக்கிட்டாங்க. புறநானூற்றுல 188ஆவது பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பி பாடினது. என்ன சொல்றாரு? எவ்வளவு செல்வம் இருந்தாலும் சரி, தளர்நடை நடந்து வந்து, நெய்ச்சோத்துல கையை விட்டு, அள்ளி இறைச்சு, மேலெல்லாம் பூசிக்கிற பிள்ளை இல்லாத வாழ்க்கை ஒரு வாழ்க்கையான்னு கேக்குறாரு. நாட்டை ஆண்ட ராஜாவே பிள்ளை சோத்தைக் கொட்டுறதைப் பார்த்து மயங்கி நின்னாரு. நம்ம வீட்டுல ஒரு பருக்கை கொட்டினா, ‘துடைக்கிறது யாரு, உங்கப்பனா?’ன்னு சண்டை வருது! (பலத்த சிரிப்பு)

வள்ளுவரும் அதைத்தான் சொன்னாரு. தன் பிள்ளையோட சின்னக் கை துழாவின கூழ் அமிழ்தத்தைவிட இனிக்கும்னு. துழாவினது யாரோட கை? பிள்ளையோட கை. கூழு ஊட்டின அம்மா கைன்னு அவர் சொல்லலே.

ஆக, நடுவர் அவர்களே, கைப்பக்குவம்னு எங்க அணி சொல்றது, சமைக்கிறவங்க கையை மட்டும் சொல்லலே. சாப்பிடுற பிள்ளையோட கையையும் சேர்த்துச் சொல்றோம். பிள்ளைக் கையில அடங்குற மாதிரி காயைப் பண்ணிக் கொடுங்க. அதுக்குத்தான் நம்ம ஊர்ல அடைன்னு ஒண்ணு இருக்கு, பணியாரம்னு ஒண்ணு இருக்கு, வடைன்னு ஒண்ணு இருக்கு. இதெல்லாம் நேத்து வந்த பண்டம் இல்லே. மதுரைக்காஞ்சியில ராத்திரிக் கடைத்தெருவைப் பத்திச் சொல்றப்பவே தேன்கூடு மாதிரி மெத்துன்னு இருக்கிற அடை வருது. அந்த அடையைச் சின்னதாத் தட்டி, அதுக்குள்ள கீரையும் காயும் தானியமும் சேர்த்து, பிள்ளை கையில கொடுத்துட்டு நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க. அது பிடிக்கும். திருப்பிப் பாக்கும். மோந்து பாக்கும். ஓரத்துல கடிக்கும். அப்புறம் கேக்கும் பாருங்க, ‘இன்னொண்ணு’! (கைதட்டல்)

நடுவர்: ஏம்மா, இது பட்டிமன்றமா, சமையல் நிகழ்ச்சியா? அப்படியே செய்முறையும் சொல்லிருவே போலிருக்கே!

சொல்லத்தான் போறேன் அய்யா! கைப்பக்குவத்துக்காக வாதாட வந்துட்டு, பக்குவத்தைச் சொல்லாம போனா எங்க அணித் தலைவி என்னை வண்டியில ஏத்த மாட்டாங்க. மூணே மூணு சொல்றேன்.

முதல்ல, கேழ்வரகு முருங்கைக்கீரை அடை. கேழ்வரகு மாவு ஒரு டம்ளர். காம்பு இல்லாம ஆய்ஞ்ச முருங்கைக்கீரை ரெண்டு கைப்பிடி, பொடியா நறுக்கிக்குங்க. சின்ன வெங்காயம் ஆறேழு, அதுவும் பொடிப்பொடியா. ஒரு கரண்டி எண்ணெயில வெங்காயத்தையும் கீரையையும் வதக்கி மாவுல கொட்டி, வெதுவெதுப்பான தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தெளிச்சுப் பிசையுங்க. எவ்வளவு தண்ணி? வாழையிலையில வச்சுத் தட்டினா ஓரம் விரிசல் விடக்கூடாது. விரிசல் விட்டா இன்னும் தண்ணி வேணும்னு மாவு கேக்குதுன்னு அர்த்தம். பிள்ளையோட உள்ளங்கை அளவுக்குத் தட்டி, கல்லுல போட்டு, சுத்தி எண்ணெய் விட்டு, மூடி போட்டு வேக விடுங்க. மூடிதான் ரகசியம். ஆவியிலயே வெந்து மெத்துன்னு இருக்கும். மூடாம சுட்டா அது அடை இல்லே, வறட்டி! (சிரிப்பு)

ஏன் கேழ்வரகு? ஐதராபாத்துல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல் வெளியிட்ட உணவுப் பட்டியலைப் பாத்தா, 100 கிராம் கேழ்வரகுல சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. அதே 100 கிராம் வெள்ளை அரிசியில 10 மில்லிகிராம்கூட இல்லே. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சுச்சு. நம்ம பாட்டிமார்களுக்கு ஒவ்வொரு வருஷமும் சிறுதானிய ஆண்டுதான்!

இதுல இன்னொரு பக்குவம் இருக்கு. கேழ்வரகை ராத்திரி ஊற வச்சு, துணியில கட்டித் தொங்கவிட்டு, முளை விட்டதும் காய வச்சு அரைப்பாங்க. ஏன் அவ்வளவு மெனக்கெடணும்? தானியத்துல இருக்கிற ஃபைட்டேட் என்கிற பொருள், இரும்பையும் சுண்ணாம்பையும் உடம்புல சேர விடாம பிடிச்சு வச்சுக்கும். ஊற வச்சாலும், முளை கட்டினாலும், புளிக்க வச்சாலும் அது குறையும். படிக்காத பாட்டி பண்ணின வேலைக்குள்ள இவ்வளவு விஞ்ஞானம்.

ரெண்டாவது, குழிப்பணியாரம். தினை, சாமை, வரகு - இதுல ஏதாவது ஒண்ணு மூணு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். நாலு மணி நேரம் ஊற வச்சு ஆட்டி, ராத்திரி புளிக்க விடுங்க. காலையில கேரட்டைத் துருவிப் போடுங்க. பீன்ஸைப் பொடியா நறுக்கி, ஆவியில முக்கால் வேக்காடு வேக வச்சுப் போடுங்க. பச்சையாப் போட்டா பணியாரம் வெந்துரும், பீன்ஸ் வேகாது. பிள்ளை அதை மட்டும் துப்பிரும். குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய். சின்னத் தீ. வெந்துருச்சான்னு பாக்க ஒரு குச்சியை நடுவுல குத்தி எடுங்க. மாவு ஒட்டாம வந்தா வெந்துருச்சு.

மூணாவது, பாசிப்பருப்புச் சுரைக்காய் அடை. பாசிப்பருப்பு ஒரு டம்ளர், பச்சரிசி கால் டம்ளர், ரெண்டு மணி நேரம் ஊறட்டும். சீரகம், துளி இஞ்சி சேர்த்துக் கெட்டியா அரைச்சு, துருவின சுரைக்காயைக் கலந்து சுடுங்க. சுரைக்காய் தண்ணி விடும். ‘ஐயோ, மாவு நீர்த்துப் போச்சே’ன்னு காயைப் பிழிஞ்சு, தண்ணியைச் சாக்கடையில ஊத்தாதீங்க. சத்தும் அதோட போயிரும். அரைக்கும்போதே தண்ணியைக் குறைச்சுக்குங்க. பருப்பையும் அரிசியையும் ஏன் சேக்குறோம்? அரிசியில லைசின்னு ஒரு சத்து குறைவு, அது பருப்புல நிறைய இருக்கு. பருப்புல மெத்தியோனின்னு ஒண்ணு குறைவு, அது அரிசியில இருக்கு. ஒருத்தர் குறையை ஒருத்தர் மூடி வைக்கிற நல்ல சம்பந்தி மாதிரி! இந்த மாதிரி சம்பந்தியை நீங்க அடுக்களையில மட்டும்தான் பாக்க முடியும். (சிரிப்பு, கைதட்டல்)

இப்ப எதிரணியில அந்தச் சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. நியாயமான கேள்வி. ‘இப்படி அடைக்குள்ள காயை ஒளிச்சு வச்சுக் கொடுக்கிறது பிள்ளையை ஏமாத்துறது இல்லையா? நாளைக்குத் தெரிஞ்சா நம்மளை நம்புமா?’ன்னாங்க.

சகோதரி, ஒளிச்சு வைக்கச் சொல்லி யாரு சொன்னா? அரைச்சு விழுதாக்கி, பச்சை நிறமே தெரியாம கலந்து, ‘இதுல கீரையே இல்லே கண்ணு’ன்னு பொய் சொன்னா, அது ஏமாத்துதான். அதை நானும் ஒத்துக்கலே. கீரை பச்சையாத் தெரியட்டும். கேரட் செகப்பாத் தெரியட்டும். ‘இது என்னம்மா?’ன்னு கேட்டா, ‘முருங்கைக்கீரைடா தங்கம், எதுத்த வீட்டு ஆச்சி பறிச்சுக் கொடுத்தாங்க’ன்னு சொல்லுங்க. மூணு, நாலு வயசுப் பிள்ளையா இருந்தா கீரையைக் கையில கொடுத்து உருவச் சொல்லுங்க. அடுப்புக்கு எட்ட உட்கார வச்சு, மாவுல ஒரு உருண்டையைக் கொடுத்துத் தட்டச் சொல்லுங்க. வட்டமா வராது. இலங்கை மாதிரி வரும், ஆப்பிரிக்கா மாதிரி வரும். வரட்டுமே! தான் தட்டின அடையைத் தின்னாத பிள்ளை ரொம்ப அபூர்வம். ‘இது நான் செஞ்சது’ன்னு தாத்தாவுக்கு ஒரு வாய் கொடுத்துட்டு மிச்சத்தை அது தின்னும். (கைதட்டல்)

இன்னிக்குத் தின்னலேன்னா? நாளைக்கு மறுபடி வைங்க. ஒரு புதுக் காய் பிடிக்கிறதுக்குக் குழந்தைக்கு எட்டு தடவை, பத்து தடவை, சில பிள்ளைக்கு அதுக்கு மேலயும் ஆகும். ரெண்டு தடவை வச்சுப் பாத்துட்டு, ‘எம் பிள்ளை கீரையே தொடாது’ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுறோம். அதையும் பிள்ளைக்கு முன்னாலயே சொல்றோம். அது என்ன நினைக்கும்? ‘ஓஹோ, கீரை தொடாம இருக்கிறதுதான் எனக்குப் பேரு போலிருக்கு’ன்னு அந்தப் பேரைக் காப்பாத்தப் பாக்கும்!

அடுத்து எண்ணெய். ‘பிள்ளைக்கு எண்ணெய்ப் பலகாரமா?’ன்னு அய்யா கேட்டாங்க. கீரையிலயும் கேரட்டுலயும் இருக்கிற கரோட்டின், அதான் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ ஆகிறது, அது உடம்புல சேர்றதுக்கே கொஞ்சம் எண்ணெய் வேணும். கல்லுல சுடுற அடைக்கு ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டா, அது காய்க்குச் செய்யிற உதவி. பொரிச்செடுக்கிற வடை வேற கதை. அது பண்டிகைக்கு, விருந்துக்கு. அன்றாடத்துக்கு அடை, அமாவாசைக்கு வடை! (சிரிப்பு) வடை பொரிச்ச எண்ணெயையே மறுபடி மறுபடி காய்ச்சாதீங்க. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெய் கெட்டுப் போகுதுன்னுதான், 2018 ஜூலை 1 முதல் அதுக்கு ஒரு வரம்பு வச்சு நம்ம நாட்டுல விதியே போட்டாங்க. கடைக்காரருக்கு விதி இருக்கு. நம்ம வீட்டு வாணலிக்கு நாமதான் அதிகாரி.

‘வேலைக்குப் போற பொண்ணுக்கு இதுக்கெல்லாம் நேரம் ஏது?’ன்னு கேக்கிறாங்க. நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாப்போமா? ஒரு கிண்ணம் சோத்தை அதட்டி ஊட்ட எவ்வளவு நேரம் ஆகுது? கூடத்துல ஒரு சுத்து, மொட்டை மாடியில ஒரு சுத்து, கைப்பேசியில நாலு பாட்டு... ஒரு மணி நேரம்! உலக சுகாதார நிறுவனம் 2019ல் என்ன சொல்லுச்சு? ரெண்டு வயசுக்குக் கீழே திரையே வேண்டாம், அதுக்கு மேல அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாதுன்னு. நாம அந்த ஒரு மணி நேரத்தையும் ஒரே வேளைச் சோத்துலயே கரைச்சிடறோம். ஞாயித்துக்கிழமை ஆட்டின மாவு ரெண்டு, மூணு நாளைக்குக் குளிர்பெட்டியில இருக்கும். காயை அன்னன்னிக்குத் துருவிக் கலந்தா கால் மணி நேரத்துல பணியாரம். அதுலயும் நான் ‘பொண்ணு’ன்னு மட்டும் ஏன் சொல்லணும்? கல்யாண வீட்டுல ஆயிரம் பேருக்குச் சமைக்கிறது ஆம்பளை. ஓட்டல்ல புரோட்டா வீசுறது ஆம்பளை. வீட்டுல ஒரு அடையைத் திருப்பிப் போட மட்டும் கை வராதா? (பெண்கள் பகுதியிலிருந்து பலத்த கைதட்டல்)

இனி கொஞ்சம் கவனமாக் கேளுங்க. இது சிரிக்கிற விஷயம் இல்லே.

ஆறு மாசம் முடியுற வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான். ஆறு மாசம் முடிஞ்சதும் மசிச்ச சாப்பாடு. எட்டு, ஒன்பது மாசத்துல, குழந்தை தானா நிமிர்ந்து உட்கார்ந்ததும், நல்லா வெந்து மெத்துன்னு இருக்கிற அடையை விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுக்கலாம். விரலால அமுக்கினா மசியணும். அதுதான் அளவு. ஒரு வயசுக்குள்ள உப்பு, சர்க்கரை சேக்க வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தைக்கு ஆபத்து. மொறுமொறுன்னு பொரிச்ச மசால்வடையில முழுக் கடலைப்பருப்பு இருக்கும், முந்திரி இருக்கும், வேர்க்கடலை இருக்கும். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கு அது மூச்சுக்குழல்ல போய் அடைச்சுக்கலாம். பருப்பை நல்லா அரைங்க, கடலையைப் பொடி பண்ணுங்க. ஓடிக்கிட்டே, படுத்துக்கிட்டே சாப்பிட விடாதீங்க. பக்கத்துல ஒரு பெரியவங்க இருக்கணும். அதுக்கு முன்னால இந்த விஷயத்தைச் சொல்லிடறேன்: பிள்ளை வெளுத்து, சோர்ந்து இருந்தா அடையை மட்டும் நம்பி இருக்காதீங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டி ரத்தம் பாருங்க. மருந்து வேணும்னா மருந்துதான். அடை அதுக்குத் துணை. அடையோட கூட ஒரு துண்டு கொய்யாவோ, நெல்லிக்காய்ச் சாறோ கொடுத்தா இரும்புச்சத்து நல்லாச் சேரும். காப்பி, டீ கொடுத்தா சேராது.

நடுவர் அவர்களே! நிறைவா ஒரு வரலாற்றைச் சொல்றேன். நம்ம நாட்டுல ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராம மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. அன்னிக்கு அரசாங்கம் என்ன செஞ்சிருக்கலாம்? போலீசை அனுப்பி, ‘வாங்கடா பள்ளிக்கூடத்துக்கு’ன்னு அதட்டியிருக்கலாம். காமராசர் அதைச் செய்யலே. 1956ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிச் சோறு போட்டுக் கூப்பிட்டாரு. 1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினாரு. 2022 செப்டம்பர் 15ஆம் தேதி இதே மதுரையில காலை உணவுத் திட்டம் தொடங்குச்சு. பிள்ளையை வரவழைக்கிறது பிரம்பு இல்லே, தட்டுல இருக்கிற சூடான சாப்பாடுதான்னு இந்த மண்ணு கண்டுக்கிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. நாட்டுக்குப் புரிஞ்சது நம்ம வீட்டுக்குப் புரிய வேண்டாமா? (நீண்ட கைதட்டல்)

அப்ப கண்டிப்பே வேண்டாமான்னு கேட்டா, வேணும் அய்யா. எதிரணிக்கு ஒரு பங்கு கொடுத்துடறேன். கண்டிப்பு கட்டாயம் வேணும். ஆனா அது பிள்ளைக்கு இல்லே, நமக்கு! சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால பிஸ்கட்டை நீட்டாம இருக்கிறதுக்கு நமக்குக் கண்டிப்பு வேணும். சும்மா இருக்கட்டும்னு கைப்பேசியைக் கொடுக்காம இருக்கிறதுக்கு நமக்குக் கண்டிப்பு வேணும். என்ன சாப்பாடு, எந்த நேரத்துக்குங்கிறது நம்ம பொறுப்பு. அதுல எவ்வளவு சாப்பிடுறதுங்கிறது பிள்ளையோட வயித்துக்குத் தெரியும். அதை அதுகிட்டயே விட்டுருங்க. ரெண்டு அடை வச்சா ஒண்ணரை தின்னுட்டு எழுந்திரிச்சா, ‘அந்த அரையையும் முழுங்கு’ன்னு துரத்தாதீங்க. அந்த அரையை நீங்க தின்னுருங்க. வீட்டுல அம்மா, அப்பா கீரை தின்றதைப் பிள்ளை பாக்கட்டும். அதைவிடப் பெரிய பாடம் இல்லே.

‘அடியாத மாடு படியாது’ன்னு அய்யா சொன்னது ஏர் உழுற மாட்டுக்கு. பால் வேணும்னா நம்ம ஊர்ல வேற பழமொழி இருக்கு: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். பிள்ளை உழுற மாடு இல்லே அய்யா. அது நம்ம வீட்டுச் செல்வம்.

அந்தச் செல்வம் இன்னிக்குப் பயந்து முழுங்கின கீரை, இன்னிக்கு ஒரு நாளைக்கு உதவும். தன் கையால எடுத்து, ருசிச்சுத் தின்ன கீரை, அது பெரியவனாகி, இன்னொரு ஊருக்குப் போய், கேக்க ஆளில்லாத இடத்துலயும் தானா கீரை வாங்கிச் சமைக்கிற வரைக்கும் உதவும். ஆகவே, குழந்தைகளைக் காய்கறி சாப்பிட வைப்பது கண்டிப்பு அல்ல, கைப்பக்குவமே என்று நல்லதொரு தீர்ப்பை நடுவர் அவர்கள் வழங்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.

(பலத்த கைதட்டல்)